ஷாட் ஷோவுக்கு முதல் தடவை போகிறீர்களா? துல்லிய ரைஃபிள் கருவிகளைக் கையால் எடைபோடும் வழி

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஷாட் ஷோ என்ற துப்பாக்கித் தொழில் கண்காட்சியில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் இருக்கும். ஆனால் அரங்குக்குள் ஒரு குண்டுகூடச் சுட முடியாது. காட்சிக்கு வைத்திருக்கும் ரைஃபிள்களில் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைக் கழற்றியிருப்பார்கள். பிடித்த பொருளைக் காசு கொடுத்து வாங்கி வரவும் முடியாது, அது வியாபாரிகள் ஆர்டர் பேசும் இடம். சுடாமல், வாங்காமல், குறிபார்க்கும் ஸ்கோப்பையோ, ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் இருகால் பைபாடையோ ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? இந்தக் கேள்வியோடு போனால் நிறையத் தெரிந்துகொண்டு திரும்பலாம். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தால் கைநிறைய விளம்பரத் தாள்கள்தான் மிஞ்சும்.

நான் செய்வது இதுதான். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ‘கையால் தெரிந்தது’, வலது பக்கம் ‘சுட்டால்தான் தெரியும்’. ஒரு ஸ்டாலில் பார்த்ததும் கேட்டதும் இரண்டில் எந்தப் பக்கம் போகிறது என்று அங்கேயே நின்று எழுதிவிடுவேன். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போடுவதற்குத்தான்.

உள்ளே போவதற்கு முன்

ஷாட் ஷோ 1979-ல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது. என்.எஸ்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் சங்கம் நடத்துகிறது. இப்போது நடக்கும் இடம் வெனிஷியன் எக்ஸ்போவும் அதன் அருகே உள்ள சீசர்ஸ் ஃபோரமும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கடைக்காரர், தயாரிப்பாளர், ரேஞ்ச் என்ற சுடுதளம் நடத்துபவர், பத்திரிகையாளர் என்று ஏதாவது ஒரு வகையில் இந்தத் தொழிலைச் சேர்ந்தவர் என்பதை ஆவணத்தோடு காட்டிப் பதிவு செய்ய வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

2,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கும் இடம் அது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாளும் நடந்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முடியாது. துல்லிய ரைஃபிள் சம்பந்தப்பட்ட இருபது, இருபத்தைந்து ஸ்டால்களின் எண்களை முதல் நாள் இரவே எழுதி, ஒரே வரிசையில் இருப்பவற்றைச் சேர்த்து வையுங்கள். முதல் நாள் காலையில் பெரிய ஸ்கோப் நிறுவனங்களின் ஸ்டாலில் நிற்கவே இடம் இருக்காது. கடைசி நாள் மதியம் கூட்டம் வடிந்துவிடும், ஸ்டாலில் இருப்பவர்களுக்கும் பேச நேரம் கிடைக்கும். நிதானமாகப் பார்க்க வேண்டியவற்றை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வழக்கமாக ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஏதோ ஒரு மூலையில் ஒரு தோட்டா மறந்து கிடக்கும். கண்காட்சிக்குள் சொந்தத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அனுமதி இல்லை. விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் அபராதமும் கட்ட வேண்டி வரும். துப்பாக்கி வாசமே படாத வேறு பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எங்கே தவறியது என்று எழுதுங்கள்

துல்லிய ரைஃபிள் போட்டி என்று நான் இங்கே சொல்வது பெரும்பாலும் பி.ஆர்.எஸ். பாணிப் போட்டியை. 2012-ல் தொடங்கிய பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்தான் இந்தக் கருவிகளுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. படுத்துக்கொண்டு நிதானமாகச் சுடும் விளையாட்டு இல்லை இது. மரத் தடுப்பு, கூரைச் சரிவு, டயர், கேட் என்று ஒவ்வொன்றின் மேலும் ரைஃபிளை வைத்து, பெரும்பாலும் 90 முதல் 120 வினாடிக்குள், பல தூரங்களில் இருக்கும் இரும்புத் தகடுகளை அடிக்க வேண்டும். ஆக, இங்கே ஒரு கருவியின் மதிப்பு அது எவ்வளவு துல்லியம் என்பதோடு முடிவதில்லை. அவசரத்தில், கோணலான நிலையில், கை நடுங்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதும் சேர்ந்ததுதான் மதிப்பு.

கிளம்புவதற்கு முன்பு உங்கள் கடைசி மூன்று, நான்கு போட்டிகளில் தவறிய குண்டுகளை நினைவுபடுத்தி எழுதுங்கள். காற்றைத் தப்பாகக் கணித்தேன். பெரிய ஜூமில் தகட்டைத் தேடியே நேரம் போனது. குறியைத் திருத்த ஸ்கோப்பில் இருக்கும் டரட் என்ற திருகை ஒரு முழுச் சுற்று அதிகமாகத் திருப்பிவிட்டேன். தடுப்பின் மேல் ரைஃபிள் ஆடிக்கொண்டே இருந்தது. இப்படி. எழுதி முடித்ததும் தெரியும், இவற்றில் சிலதைத்தான் பணம் கொடுத்துச் சரிசெய்ய முடியும். காற்றுக் கணிப்புக்கு வேண்டியது பயிற்சி. ஜூமும் டரட்டும் ஆட்டமும் கருவியோடு தொடர்புள்ளவை. அந்த மூன்றைத்தான் நீங்கள் கண்காட்சியில் தேட வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் போகிற புதியவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும், ஏனென்றால் அங்கே இருக்கும் எல்லாமே தேவைப்படுவதுபோல் தோன்றும்.

கூடவே உங்கள் ரைஃபிளின் விவரங்களும் வேண்டும். ஆக்ஷன் (போல்ட் இயங்கும் நடுப்பகுதி) எந்த வகை, ஸ்கோப் குழாயின் விட்டம், ஸ்கோப் பொருத்தியிருக்கும் உயரம், மொத்த எடை, மேகஸின் (தோட்டாப் பெட்டி) வகை. இவற்றை ஒரு தாளில் எழுதி, ரைஃபிளின் இரு பக்கப் படங்களையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரைஃபிளின் அடியில் இருக்கும் ஆர்கா ரெயிலில் கழற்றக்கூடிய சின்னத் துண்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஸ்டாலில் கை வைக்கும் முறை

ஃபயரிங் பின் இல்லை என்பதற்காக ரைஃபிளைக் கூட்டத்தின் பக்கம் நீட்டக் கூடாது. கேட்டுவிட்டு எடுங்கள், முனையை மேலேயோ காலியான சுவர்ப் பக்கமோ வையுங்கள், விரலை டிரிகருக்கு வெளியே வையுங்கள், போல்ட்டைத் திறந்து பாருங்கள். டிரிகரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். இப்படி நடந்துகொள்பவரிடம் ஸ்டாலில் இருப்பவர் பேசும் விதமே மாறும். இவர் சுடுபவர் என்று புரிந்துகொண்டு, மேஜைக்கு அடியில் இருக்கும் அடுத்த மாடலையும் எடுத்துக் காட்டுவார்.

மூன்றாம் படி: ஸ்கோப்

இதில்தான் அதிகப் பணம் போகும், இதில்தான் அதிகம் ஏமாறவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. துல்லிய ரைஃபிள் போட்டிகளில் பெரும்பாலானவர்கள் மில் அளவில்தான் பேசுவார்கள். 1 மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். டரட்டின் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர், 500 மீட்டரில் 5 சென்டிமீட்டர். எம்.ஓ.ஏ. என்பது இன்னொரு அளவு. 1 எம்.ஓ.ஏ. 100 கெஜத்தில் 1.047 அங்குலம். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை வேண்டாம். உங்களோடு சுடுபவர்கள் பேசும் அளவையே எடுத்துக்கொண்டால், ‘காற்றுக்கு 0.6 பிடி’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது அப்படியே பயன்படும். ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிக்கிள் ஒரு அளவிலும் டரட் இன்னொரு அளவிலும் இருக்கும் ஸ்கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, ஸ்கோப் கையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உயர டரட்டை 1 மில் திருப்புங்கள். பத்துக் கிளிக்கும் தனித்தனியாக விரலுக்குத் தெரிகிறதா? இப்போது வேகமாக 8 மில்லுக்குப் போய் அங்கே நிறுத்திப் பாருங்கள். ஒரு கிளிக் தாண்டிப் போகிறதா? டரட்டில் எழுதியிருக்கும் எண், ரைஃபிளுக்குப் பின்னால் தலை வைத்த நிலையிலேயே தெரிகிறதா, இல்லை தலையைத் தூக்கினால்தான் தெரிகிறதா? இரண்டாவது சுற்றில் இருக்கிறோமா என்பதை அந்த டரட் எப்படிக் காட்டுகிறது? டரட் தொடக்க அளவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் ஜீரோ ஸ்டாப் வரை இறக்குங்கள். அது கல்லில் முட்டியதுபோல் நிற்க வேண்டும், ரப்பரில் அழுந்துவதுபோல் இருக்கக் கூடாது. இவை எல்லாம் இடது பக்கத்தில் எழுத வேண்டியவை.

அடுத்தது கண் வைக்கும் இடம். பெரும்பாலான ஸ்கோப்புகளை மேஜையில் ஒரு தாங்கியில் பொருத்தி, கண்ணுக்கு வசதியான உயரத்தில் வைத்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே தலையை ஒரு சென்டிமீட்டர் இடதும் வலதும், முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கே படம் கறுக்கத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். டயர்மேல் கோணலாகக் குனிந்து சுடும்போது உங்கள் கண் சரியான இடத்தில் இருக்காது. அப்போது மன்னிக்கும் ஸ்கோப் எது என்பது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

ஜூமைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. 7-35, 6-36 என்று எண்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. நேரத்தோடு போட்டி போட்டுத் தகடு தேடும்போது பலரும் 12 முதல் 18 மடங்குக்குள்தான் நிற்கிறார்கள். அதனால் 15 மடங்கில் வைத்து, எவ்வளவு அகலம் தெரிகிறது என்று இரண்டு ஸ்கோப்புகளை ஒப்பிடுங்கள். முதல் குவியத் தளத்தில் ரெட்டிக்கிள் இருக்கும் ஸ்கோப்பில் ஜூம் கூடக் கூடக் கோடுகளும் பெரிதாகும், அதனால் எந்த ஜூமிலும் மில் அளவு சரியாக இருக்கும். போட்டிக்கு அதுதான் வேண்டும். ஆனால் 12 மடங்கில் அந்த 0.2 மில் கோடுகள் உங்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரிகின்றனவா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். வேறொருவரின் கண்ணுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், இதில் வயதுக்கும் பங்கு உண்டு.

கண்ணாடியின் தரம்? அரங்க வெளிச்சத்தில் சுமாரான கண்ணாடிகூடப் பளிச்சென்றுதான் இருக்கும். கூரையின் இரும்பு உத்தரங்களுக்குப் பக்கத்தில் விளக்கு எரியும் இடத்தைப் பாருங்கள், கறுப்பு விளிம்பில் ஊதாவோ பச்சையோ கசிகிறதா என்று. பிறகு தொலைவில் இருட்டாக இருக்கும் மூலையில் தொங்கும் பலகையின் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். பக்கத்து ஸ்டாலின் ஸ்கோப்பிலும் அதே பலகையை, சில நிமிடங்களுக்குள், பாருங்கள். நேற்றுப் பார்த்ததை நினைவில் வைத்து இன்று ஒப்பிட முயன்றால் கண் ஏமாற்றும். இருந்தாலும் கானல் அலையும் வெயிலில் அந்தக் கண்ணாடி எப்படி இருக்கும் என்பது வலது பக்கத்தில் எழுத வேண்டியது.

வலது பக்கத்தின் முதல் வரியில் எப்போதும் ஒரே விஷயம்தான் இருக்கும்: டரட்டில் திருப்பிய அளவுக்கு ரெட்டிக்கிள் உண்மையில் நகர்கிறதா? எந்த ஸ்டாலிலும் இதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கோப் வீட்டுக்கு வந்த பிறகுதான் சோதிக்க வேண்டும். சரியாக அளந்த 100 மீட்டரில் உயரமான அட்டையை வைத்து, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கீழே ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, 10 மில் ஏற்றி, மறுபடி அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். இரண்டு குண்டுக் கூட்டங்களுக்கும் நடுவே 1 மீட்டர் இருக்க வேண்டும். 100 கெஜம் என்றால் 36 அங்குலம். 98 சென்டிமீட்டர் வந்தால் ஸ்கோப்பில் 2 சதவீதக் குறை இருக்கலாம். தூரத்தை டேப்பால் மறுபடி அளந்து, மறுபடி சுட்டு, அதன் பிறகு முடிவுக்கு வாருங்கள்.

நான்காம் படி: ஆர்கா, பைபாட், டிரைபாட்

ரைஃபிளின் அடியில் நீளமாக ஓடும் சரிவு விளிம்பு ரெயிலுக்கு ஆர்கா என்று பெயர். ஆர்கா-சுவிஸ் என்ற கேமரா நிறுவனத்தின் டிரைபாட் தட்டிலிருந்து வந்த வடிவம். இன்று பைபாட், டிரைபாட், பைத் தட்டு எல்லாம் அதில்தான் மாட்டுகின்றன. சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் வெட்டுவதில்லை. ஆளுக்கு ஆள் நூலிழை வித்தியாசம் இருக்கும்.

அந்த நூலிழை எனக்கு ஒரு போட்டியையே கெடுத்தது. ஒரு ஸ்டாலில், ரெயிலைப் பிடிக்கும் அழகான லீவர் கிளாம்ப் பார்த்தேன். அவர்களுடைய ரெயிலில் மாட்டிக் காட்டினார்கள், பாறைபோல் நின்றது. வீட்டுக்கு வரவழைத்து என் ரெயிலில் மாட்டியபோதும் இறுகியதுபோல்தான் தெரிந்தது. போட்டியின் இரண்டாவது ஸ்டேஜில், அதாவது சுற்றில், ரைஃபிளை முன்னால் தள்ளி அழுத்தியதும் பைபாட் ரெயிலோடு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நேரம் போனது, மனதும் கலைந்தது, அன்று அதற்கப்புறம் எதுவும் சரியாக அமையவில்லை. குறை கிளாம்பில் மட்டும் என்று சொல்ல மாட்டேன். என் ரெயில் கொஞ்சம் குறுகலானது, லீவரின் இறுக்கத்தை நான் அதற்கேற்பத் திருத்தியிருக்க வேண்டும்.

அதனால்தான் சின்ன ரெயில் துண்டைக் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். எந்தக் கிளாம்ப் பிடித்திருந்தாலும் உங்கள் துண்டை மாட்டி முறுக்கிப் பாருங்கள். லீவர் வகை என்றால் இறுக்கத்தைத் திருத்த வழி இருக்கிறதா, கருவி வேண்டுமா என்று கேளுங்கள். திருகு வகை மெதுவானது, ஆனால் எந்த அகலத்தையும் பிடித்துக்கொள்ளும். முதல் கிளாம்ப் வாங்குபவருக்கு நான் திருகு வகையைத்தான் சொல்வேன்.

பைபாடில் பார்க்க வேண்டியவை: ஒரு கையால் காலை நீட்ட முடிகிறதா, ரைஃபிளை இடம் வலமாகச் சாய்த்துப் பூட்ட முடிகிறதா, முன்னால் தள்ளி அழுத்தும்போது கால்கள் எவ்வளவு வளைகின்றன. ஹாரிஸ் போன்ற பழைய எளிய பைபாட் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அட்லஸும் எம்.டி.டி.யின் ஸ்கை-பாடும் சாய்வு, அகலம், உயரம் என்று கூடுதல் வசதிகள் தருகின்றன, விலையும் எடையும் அதற்கேற்பக் கூடும். பைபாட் எவ்வளவு மேலே, பேரல் என்ற குழலுக்குப் பக்கத்தில் மாட்டப்படுகிறதோ, ரைஃபிள் அவ்வளவு குறைவாகக் கவிழும்.

டிரைபாடை முழு உயரத்துக்கு நிறுத்தி, மேலே உள்ளங்கையை வைத்து முறுக்குங்கள். கால்களின் மேல் இணைப்பு ஆடினால் ரைஃபிள் வைக்கும்போதும் ஆடும். இது கையாலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: பைகள்

ரைஃபிளுக்கு அடியில் வைக்கும் தாங்கு பைகளைச் சொல்கிறேன். விலை குறைந்தது, பலன் அதிகம், ஆனால் புதியவர்கள் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். ஆர்மகெடான் கியரின் கேம் சேஞ்சர் பையும் அதைப் பார்த்து வந்தவையும் தடுப்பு ஸ்டேஜ்களில் சுடும் முறையையே மாற்றிவிட்டன. தடுப்பின்மேல் பையைப் போட்டு, அதன்மேல் ரைஃபிளை அதன் சமநிலைப் புள்ளியில் வைத்து, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். ரைஃபிள் தானாக நிற்கிறதா? ஸ்டாலில் தடுப்பு மாதிரி ஏதாவது வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மேஜை விளிம்பே போதும். உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்று கேளுங்கள். மணல்போல் கனமானது ரைஃபிளை அப்படியே பிடித்துவைக்கும், இலேசான பிளாஸ்டிக் மணிகள் நாள் முழுக்கச் சுமக்க வசதி. முதல் பைக்குக் கனமானதே நல்லது என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: சேஸிஸ், ஆக்ஷன், டிரிகர்

சேஸிஸ் என்பது ஆக்ஷனைத் தாங்கும் உலோகச் சட்டம். பெரும்பாலானவை ரெமிங்டன் 700 ஆக்ஷனின் அடிவடிவத்துக்கு வெட்டப்பட்டவை, மேகஸினும் பெரும்பாலும் ஏ.ஐ.சி.எஸ். வகை. உங்கள் ஆக்ஷன் வேறு என்றால் முதல் கேள்வியே அதுதான். கன்ன உயரத்தைக் கருவி இல்லாமல் மாற்ற முடிகிறதா, பிடியில் கட்டைவிரல் இயல்பாக எங்கே போய் அமர்கிறது, எடைக் கட்டிகளை எங்கே மாட்டலாம் என்று பாருங்கள். போட்டி ரைஃபிள்கள் 20 பவுண்டு, அதாவது 9 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். சின்ன 6 மில்லிமீட்டர் தோட்டாவும் கனமான ரைஃபிளும் சேர்ந்தால் உதைப்பு மிகவும் குறையும், உங்கள் குண்டு விழுந்த இடத்தை நீங்களே ஸ்கோப்பில் பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இவ்வளவு இரும்பைச் சுமக்கிறார்கள். வேட்டைக்கும் அதே ரைஃபிள் என்றால் இந்த வழியில் போகாதீர்கள்.

டிரிகர் கையாலேயே தெரியும். இருபது தடவை மெதுவாக இழுங்கள், இருபதும் ஒரே இடத்தில் விடுகிறதா என்று பாருங்கள். மிக இலேசான டிரிகர் புதியவருக்கு வேண்டாம், குளிரில் விரல் மரத்தால் ஆபத்து.

ஏழாம் படி: பேரலும் குரூப் அட்டைகளும்

பேரலைப் பற்றிக் கையால் தெரிவது எதுவுமே இல்லை. எடையும் நீளமும் தெரியும், அவ்வளவுதான். அதனால்தான் ஸ்டால்களில் அட்டைகளை மாட்டியிருப்பார்கள், மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போன அட்டை. ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டத்தைத்தான் குரூப் என்பார்கள். அதைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை குண்டு? இதேபோல் எத்தனை குரூப் சுட்டீர்கள்?

இதற்குக் காரணம் இருக்கிறது. எந்த ரைஃபிளிலும் குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றிச் சிதறித்தான் விழும். மூன்று குண்டு மட்டும் சுட்டால் அந்தச் சிதறலின் ஒரு சின்ன மூலைதான் தெரியும். சுமாரான ரைஃபிளில் இருபது குரூப் சுட்டாலும் ஒன்றிரண்டு அழகாக அமையும். குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட குரூப் பெரிதாகிக்கொண்டே போகும், அப்போதுதான் உண்மையான அளவு வெளியே வரும். ஒரே அட்டையில் இருபது குண்டு சுட்டுக் காட்டும் நிறுவனத்தின் ஒன்றரை மடங்கு பெரிய குரூப்பை, மூன்று குண்டு ஓட்டையைவிட நான் அதிகம் நம்புவேன். பேரல் எத்தனை ஆயிரம் குண்டு தாங்கும் என்பதும் தோட்டாவைப் பொறுத்தது. வேகமான 6 மில்லிமீட்டர் தோட்டாக்கள் பேரலைச் சீக்கிரம் தின்றுவிடும். புதியவர் 6.5 கிரீட்மூரில் தொடங்குவதில் ஒரு நிம்மதி உண்டு: 2007-ல் வந்த தோட்டா, கடையில் எளிதாகக் கிடைக்கும், பேரலும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

எட்டாம் படி: மின்னணுக் கருவிகள்

புதிய பொருள் ஒன்று உண்மையிலேயே தேவையைத் தீர்ப்பது எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் குரோனோகிராஃப். குண்டின் வேகத்தை அளக்க முன்பெல்லாம் ரைஃபிளுக்கு முன்னால் சென்சார் சட்டத்தை நட்டு, அதன் நடுவே சுட வேண்டும், வெளிச்சம் மாறினால் அளவும் மாறும். பேரல் முனையில் கட்டும் வகை வந்தது, அதனால் குண்டு விழும் இடம் மாறலாம். 2023-ல் கார்மின் ஸீரோ சி1 ப்ரோ வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ரேடார், பக்கத்தில் வைத்துவிட்டுச் சுட வேண்டியதுதான். அறிமுக விலை 599.99 டாலர். போட்டிகளுக்குப் போனால் எங்கு பார்த்தாலும் அதுதான், மற்ற நிறுவனங்களும் சின்ன ரேடார்களைக் கொண்டுவந்துவிட்டன.

இந்த வகைக் கருவியிடம் கேட்க வேண்டியவை வேறு. போன் இல்லாமல் தனியாக இயங்குமா? பேட்டரி கழற்றி மாற்றும் வகையா? வெயிலில் திரை தெரியுமா? கையுறையோடு பொத்தான் அழுத்த முடியுமா? கெஸ்ட்ரல் போன்ற காற்றுமானிகளில், குண்டு எங்கே போய் விழும் என்று சொல்லும் பாலிஸ்டிக் கணக்கும் உள்ளேயே இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் அளந்த தூரத்தை அதற்கே அனுப்பும் வசதியும் உண்டு. எந்தக் கருவி எதோடு பேசும் என்பதை அங்கேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘அடுத்த மென்பொருளில் வரும்’ என்று பதில் வந்தால் அது வலது பக்கம்.

ஒன்பதாம் படி: சொல்ல வைக்க வேண்டிய பதில்கள்

ஸ்டாலை விட்டுக் கிளம்பும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். இது விற்பனைக்கு வரும் வடிவமா, மாதிரிதானா? எப்போது கடைக்கு வரும்? பழுதானால் யார் சரிசெய்வார்கள், எத்தனை நாள் ஆகும்? சில பொருள்கள் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாதிரியாகவே மேஜையில் இருக்கும், கடைக்கு வர மாதக்கணக்காகும், வருவதற்குள் வடிவமும் மாறிவிடும். அப்படிப்பட்டதற்காக இப்போது இருக்கும் நல்ல கருவியை விற்காதீர்கள்.

பி.ஆர்.எஸ். தயாரிப்பு ரைஃபிள் பிரிவில் சுடுபவர் என்றால் இன்னொன்று. அந்தப் பிரிவில் விலைக்கு உச்சவரம்பும், என்ன மாற்றலாம் என்பதற்கு விதியும் உண்டு. ஒரு புதிய பாகம் உங்களைப் பிரிவை விட்டே வெளியேற்றிவிடலாம். அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டமும் கொஞ்சம். அமெரிக்காவில், வெடிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரெஸருக்கு 1934-லிருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது, ஆனால் விண்ணப்பமும் ஒப்புதலும் இன்னும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்: ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகிறது. பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். உரிமம் வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால்: திங்கள்கிழமை ரேஞ்ச்

கண்காட்சிக்கு முந்தைய திங்களன்று, பௌல்டர் சிட்டி ரேஞ்சில் சுட்டுப் பார்க்கும் நாள் நடப்பது வழக்கம். எல்லோருக்கும் அழைப்பு கிடைக்காது, பெரும்பாலும் பத்திரிகையாளர்களுக்கும் கொள்முதல் செய்பவர்களுக்கும்தான். கிடைத்தால் காதுக்குள் ஒன்று, காதுமேல் ஒன்று என்று இரட்டைப் பாதுகாப்போடு போங்கள். பக்கத்து இடங்களில், உதைப்பைக் குறைக்க முனையில் மாட்டும் மஸில் பிரேக் வைத்த ரைஃபிள்கள் இடைவிடாமல் இடிக்கும். உங்களுக்கு ஐந்து குண்டு கிடைத்தால் தகட்டை அடித்தேனா என்று பார்க்காதீர்கள், அந்த ரைஃபிளை ஜீரோ செய்தது, அதாவது குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி திருத்தியது, வேறு யாரோ. சுட்ட பிறகு ரெட்டிக்கிள் எங்கே போய் நின்றது, விழுந்த குண்டை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்ததா, போல்ட்டை இழுக்கும்போது பைபாட் துள்ளியதா என்று பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு

நோட்டுப் புத்தகத்தை இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு திறந்து, போவதற்கு முன் எழுதிய தவறுகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பட்டியலில் இல்லாத எதையும் அடியுங்கள். மிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். எனக்கு ஒரு வருடம் மிஞ்சியது ஒரு பை மட்டும்தான், அந்த வருடம்தான் தடுப்பு ஸ்டேஜ்களில் என் புள்ளி நன்றாக ஏறியது.

வாங்கிய பொருள் வந்ததும் வலது பக்கத்தைச் சோதிக்கத் தொடங்குங்கள். ஸ்கோப் என்றால் மேலே சொன்ன உயர அட்டைச் சோதனை. கிளாம்போ மவுன்ட்டோ என்றால் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் இறுக்கி, திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியோடு நூறு தடவை படுத்து எழுந்து, அழுத்தி, பழகுங்கள். பிறகு ரேஞ்சில் ஐம்பது குண்டு. அதன் பின் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் அடுத்த போட்டிக்கு எடுத்துப் போகலாம். ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் கழற்றி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மறுபடி இறுக்கி, புதிய கோடு போட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.